சிறுநீரகத் தமனிசார் உயர் இரத்த அழுத்தம்

சிறுநீரகத் தமனிசார் உயர் இரத்த அழுத்தம் என்பது சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி குறுகுவதால் ஏற்படும் நோய் ஆகும். குருதி வரத்து குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் குருதிக் குழாய்களைச் சுருக்குவதோடு, உடலில் உப்பும் நீரும் தேங்கச் செய்கிறது. 1934இல் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனிகளை இடுக்கியால் நெருக்கி இத்தொடர்பை நிறுவினார்.

காரணங்கள்

முதியோரிடம் தமனித் தடிப்பே முதன்மைக் காரணம். இந்தியாவில் இளவயதினரிடம் தக்கயாசு தமனியழற்சி முக்கியக் காரணமாக உள்ளது.

நெடுங்காலப் பிழைப்பு

திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் தக்கயாசு நோயாளர் 88 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 1989இல் வெளியானது. நோய் தொடங்கி 5 ஆண்டுகளில் பிழைப்பு வீதம் 91 விழுக்காடு. 10 ஆண்டுகளில் 84 விழுக்காடு. கடுமையான உயர் இரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் உடையோருக்கு இடர் மிகுதியாக இருந்தது.

தமனித் தடிப்பு உடையோர் சிறுநீரகச் செயலிழப்பைக் காட்டிலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றாலேயே மிகுதியாக இறக்கின்றனர். குறுகிய தமனியில் ஸ்டென்ட் பொருத்துவது, மருந்துகளால் மட்டும் பெறும் பயனைவிடக் கூடுதலாக வாழ்நாளை நீட்டுவதில்லை என்பதை ஆஸ்ட்ரல் (2009), கோரல் (2014) ஆய்வுகள் காட்டின. ஆயினும் நுரையீரலில் திடீரென நீர் கோப்போர் போன்ற சிலருக்கு இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது.

மருத்துவம்

இரத்த அழுத்த மருந்துகள், ஸ்டாட்டின் மருந்துகள், புகையிலையைக் கைவிடுதல் ஆகியவை அடிப்படை ஆகும். இருபுறத் தமனிகளும் குறுகியிருப்பின் ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்துகள் சிறுநீரகச் செயல்பாட்டைக் குறைக்கக்கூடும். எனவே குருதியில் கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகள் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன.