வாய்ப்புச் செலவு

பொருளியலில், வாய்ப்புச் செலவு அல்லது அமையச் செலவு என்பது, ஒரு தெரிவை மேற்கொள்வதனால் கைவிட நேரும் மாற்றுத் தெரிவுகளுள் மிகச் சிறந்ததன் மதிப்பு ஆகும். நிலம், உழைப்பு, மூலதனம், நேரம் முதலிய வளங்கள் வரம்புடையவை. ஒரு பயனுக்கு ஒதுக்கிய வளத்தை அதே வேளையில் வேறொன்றுக்குப் பயன்படுத்த இயலாது. ஆகவே, பணம் கைமாறாத இடத்திலும் வாய்ப்புச் செலவு உண்டு.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த பிரெடெரிக் பாஸ்டியா 1850 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒரு செலவின் கண்ணுக்குத் தெரியும் விளைவை மட்டும் பார்ப்பது போதாது என வாதிட்டார். அப்பணம் வேறு வழியில் சென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பயனையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர் ஆஸ்திரியப் பொருளியலாளர் பிரீட்ரிக் வான் வீசர் இதனைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்.

கணக்கிடும் முறை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவர் முன் பின்வரும் மூன்று வழிகள் உள்ளன எனக் கொள்வோம்:

* மூன்றாண்டுப் பட்டப்படிப்பு: ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாய்
* துணிக்கடை வேலை: மாத ஊதியம் 12,000 ரூபாய்
* அச்சக வேலை: மாத ஊதியம் 10,000 ரூபாய்

அவர் படிப்பைத் தெரிவு செய்தால், கட்டணமாகிய 90,000 ரூபாய் வெளிப்படைச் செலவு ஆகும். இழந்த துணிக்கடை ஊதியம் 12,000 × 36 = 4,32,000 ரூபாய் மறைமுகச் செலவு ஆகும். இரண்டும் சேர்ந்த 5,22,000 ரூபாயே படிப்பின் முழுச் செலவு. இரு வேலைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது என்பதால் அச்சக ஊதியத்தைச் சேர்க்கக்கூடாது. வேலைக்குச் சென்றாலும் இருக்கக்கூடிய உணவுச் செலவும் இதில் சேராது. படிப்பினால் பிற்காலத்தில் கிடைக்கும் பயன்கள் இத்தொகையை விடக் கூடுதலானால், படிப்பே சிறந்த தெரிவாகும்.

இலவசக் கல்வி

மேற்கண்ட கணக்கில் கட்டணத்தை முற்றிலும் நீக்கினாலும் 4,32,000 ரூபாய் எஞ்சுகிறது. கட்டணமில்லாப் பள்ளிகள் இருந்தும் வறிய குடும்பங்களின் பிள்ளைகள் இடைநிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் கூலியையோ வீட்டு வேலையையோ அக்குடும்பம் இழக்கிறது.

மெக்சிகோ அரசு 1997 இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம் இதனைக் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதை நிபந்தனையாகக் கொண்டு தாய்மாரிடம் பணம் வழங்கப்பட்டது. வயது கூடக்கூடப் பிள்ளைகள் ஈட்டக்கூடிய கூலியும் கூடும் என்பதால், உயர் வகுப்புகளுக்கு உதவித்தொகையும் கூடுதலாக இருந்தது. இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம் வழங்கப்பட்டது. வேறு பெயர்களில் தொடர்ந்த இத்திட்டம் 2019 இல் முடிவுக்கு வந்தது.

பன்னாட்டு வணிகம்

டேவிட் ரிக்கார்டோ 1817 இல் தந்த எடுத்துக்காட்டில், குறிப்பிட்ட அளவு துணியையும் திராட்சை மதுவையும் ஓராண்டில் உற்பத்தி செய்யத் தேவையான ஆட்கள் வருமாறு:

* இங்கிலாந்து: துணி 100, மது 120
* போர்த்துகல்: துணி 90, மது 80

இரண்டையும் போர்த்துகலே குறைந்த ஆட்களைக் கொண்டு செய்கிறது. எனினும், ஓர் அலகு துணிக்காகப் போர்த்துகல் 1.125 அலகு மதுவைக் கைவிட வேண்டும். இங்கிலாந்து ஏறத்தாழ 0.83 அலகையே கைவிடுகிறது. எனவே இங்கிலாந்து துணியையும் போர்த்துகல் மதுவையும் உற்பத்தி செய்து பரிமாறிக்கொண்டால் இரு நாடுகளும் பயன்பெறலாம். இது ஒப்பீட்டு நன்மை எனப்படுகிறது.

மீளாச் செலவு

ஏற்கனவே செலவழித்து, இனித் திரும்பப் பெற இயலாத தொகை மீளாச் செலவு எனப்படும். எந்தத் தெரிவை மேற்கொண்டாலும் அது மாறாது என்பதால், வாய்ப்புச் செலவில் அது சேராது. ஒரு பாடப்பிரிவில் ஓராண்டு வீணானதற்காகவே அடுத்த ஈராண்டுகளையும் அதில் கழிப்பது இப்பிழைக்கு எடுத்துக்காட்டு. அம்மாணவர் கருதவேண்டியது, எஞ்சியுள்ள ஈராண்டுகளுக்கான மிகச் சிறந்த மாற்று வழியையே ஆகும்.