பழைய பிக்கப் வண்டியின் குளிர்சாதனம்: நம் கையால் செய்யத்தக்கதும் தகாததும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையையும் கடந்தால் வருவது சந்தாபுரா. ஆனேக்கல்லுக்குச் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. ஓசூர்ப் பக்கத்துக் காய்கறியும் ரோஜா மலரும், தொழிற்பேட்டையின் இரும்புச் சாமான்களும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் இச்சந்திப்பில் வரிசையாய் நிற்பதை நண்பகலில் காணலாம். அவற்றை ஓட்டுவோரில் நம்மவர் பலர்.

அவர்களுள் ஒருவர் ஒருநாள் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "போன கோடையில் ஏ.ஸி.க்குக் கேஸ் போட்டேன். இந்தக் கோடையிலும் போட்டேன். வண்டி ஓடும்போது ஜில்லென்றுதான் இருக்கிறது. சந்தாபுரா நெரிசலில் நின்றால் அனல் அடிக்கிறது." அன்பர்களே, அவர் சொன்ன சொற்களிலேயே நோயின் பெயர் அடங்கியிருந்தது. அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்ந்த காற்றை வெறும் சுகம் என்று ஒதுக்குவதற்கில்லை. மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் உட்புறம் படரும் மூட்டத்தை விரைவில் நீக்குவதும் இச்சாதனமே. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. முன்னரே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் வண்டிகள் அவ்விதிக்குள் வருவதில்லை. அவற்றைப் பேணும் பொறுப்பு உரிமையாளருடையதே.

மண்பானையில் நீர் குளிர்வதை நாம் அறிவோம். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. வண்டியின் குளிர்சாதனமும் இம்முறையிலேயே இயங்குகிறது. ஆயின் ஆவியாகும் பொருள் வெளியேறிவிடாமல் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. அப்பொருள் பெரும்பாலும் ஆர்-134ஏ எனப்படும் வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரெஸர் அதனை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னே உள்ள கண்டென்ஸரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் டிரையர் என்னும் புட்டியில் ஈரம் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியே டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் புகுந்து ஆவியாகிறது. அக்காயிலின்மீது புளோயர் செலுத்தும் காற்றே குளிர்ந்து நம்மை வந்தடைகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். டீசலைப் போல இவ்வாயு செலவாகித் தீர்வதன்று. பல ஆண்டுகளில் ரப்பர்க் குழாய்களின் வழியே சிறிது கசிவது இயல்பு. ஆனால் ஆண்டுதோறும் குறைகிறதெனில் எங்கோ ஓட்டை இருத்தல் வேண்டும். அதனை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, உடைந்த குடத்தில் நீர் சேந்துவதற்கு ஒப்பாகும். இன்னொன்று: குளிர்ச்சி குறைந்ததற்கு வாயுதான் காரணம் என்று முதலிலேயே முடிவு செய்தலாகாது. குறை பல வேளைகளில் காற்று செல்லும் வழியிலோ மின்சார வழியிலோ இருக்கும். அவ்விரண்டையும் ஆராய்வது நம் கைக்கு எட்டிய வேலையே.

ஆராய்ச்சியை ஒழுங்காகத் தொடங்குவோம். முதலில் காற்றின் வேகம். புளோயர் உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிடில், அதன் ரெஸிஸ்டர் எரிந்துபோயிருக்கும். அதனை வாங்கி நாமே மாற்றலாம். புளோயரின் ஒலி பெரிதாயிருந்தும் காற்று சிறிதாய் வந்தால், காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் வடிகட்டியே இராது. அவற்றில் தூசும் சருகும் நேரே கூலிங் காயிலில் படிந்து அடைத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் நீர் சொட்டுவது நற்குறி. அந்நீர் ஓட்டுநரின் காலடியில் வடிந்தால் வடிகால் குழாய் அடைபட்டுள்ளது என அறிக.

இரண்டாவது, காற்று நன்கு வந்தும் குளிரவில்லையாயின் கம்ப்ரெஸரை நோக்குக. ஏ.ஸி. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்ற ஒலியுடன் அதன் முன்தட்டு கப்பியோடு சேர்ந்து சுழலுதல் வேண்டும். சுழலாவிடில் ஃபியூஸையும் ரிலேயையும் சோதிக்கலாம். ஹாரனுக்கும் ஏ.ஸி.க்கும் ஒரே வகை ரிலே இருக்குமாயின் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் பொருத்திப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். வாயு மிகவும் குறைந்தாலும் ஒரு பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும். கம்ப்ரெஸருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுவதால், வாயுவின்றி அஃது ஓடினால் தேய்ந்து அழியும். ஆகவே அந்த ஸ்விட்ச்சைக் கம்பியால் இணைத்துவிட்டு ஓட்டுவது பெருந்தவறு. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின், பெல்ட்டில் வெடிப்போ தளர்ச்சியோ உண்டா எனவும் பார்த்துக்கொள்க. எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்ப்போர் தோளில் துண்டு கிடக்கலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலும் ஆகாது.

மூன்றாவது, ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெப்பமாகும் குறை. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று கண்டென்ஸரைத் தானே குளிர்விக்கிறது. நின்ற வண்டிக்கு விசிறியைத் தவிர வேறு துணையில்லை. எனவே கண்டென்ஸர் அழுக்கடைந்திருக்கும், அல்லது விசிறி பழுதாயிருக்கும். நம் நண்பருடைய வண்டியில் கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சிகளும் படிந்து கெட்டியாயிருந்தன. எஞ்சின் ஆறியபின், மெல்லிய நீர்த்தாரையால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அவற்றைக் கழுவினோம். வளைந்த தகடுகளை மென்மையான தூரிகையால் நிமிர்த்தினோம். வேக நீர்ப்பாய்ச்சும் இயந்திரத்தை உபயோகித்திருந்தால் தகடுகள் மடிந்து அடைத்திருக்கும். மறுவாரம் அதே சந்திப்பில் அவருடைய கண்ணாடிகள் மூடியே இருந்தன. இருமுறை கேஸுக்குக் கொடுத்த பணம் வீண் என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

இவ்வளவும் நாம் செய்யத்தக்கவை. குழாயின் இணைப்பைத் திறப்பதோ வாயுவை நிரப்புவதோ நம் வேலையன்று. பீறிடும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்யும். காற்றில் விடப்படும் ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாக உலகை வெப்பமாக்க வல்லது. அதற்கு முன் வழங்கிய ஆர்-12, ஓசோன் படலத்தைச் சிதைத்ததால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே கைவிடப்பட்டது. ஆர்-134ஏ வகையைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்யும் 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது.

மலிவு கருதிப் பெயரறியாத உருளையிலுள்ள வாயுவை ஏற்பதும் ஆபத்தே. 2011இல், மெதில் குளோரைடு கலந்த போலி வாயு நிரப்பப்பட்ட கப்பல் குளிர்ப்பெட்டிகள் சில வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாயு அலுமினியத்தோடு வினைபுரிவதே காரணம். சமையல் வாயுவை நிரப்பும் துணிவு அதனினும் கொடிது. கசிந்தால் ஓட்டுநர் அறையே தீக்கிரையாகும்.

ஆகவே தொழிலறிந்தவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். கசிவு எங்கே என்று கண்டீர்களா? குழாயைத் திறந்ததால் டிரையரை மாற்றினீர்களா? குழாய்களிலுள்ள காற்றும் ஈரமும் நீங்க, வாக்யூம் பம்பை அரைமணி நேரமேனும் ஓட்டினீர்களா? எஞ்சின் அறையின் சீட்டில் குறித்துள்ள கிராம் அளவின்படி எடைபோட்டு நிரப்பினீர்களா? அளவு குறைந்தாலும் தீங்கு; மிகுந்தாலும் தீங்கு. கசிந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதனை முன்னரே நாம் கண்டு வைத்தால் அவருக்கும் வேலை எளிதாகும்.

கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டா. கசிவுக்குக் கன்னடத்தில் 'சோரிகெ' என்பர். கண்ணீர் சோர்ந்தது என்று நாம் எழுதும் சொல்லுக்கு உறவான சொல்லே அது. "சோரிகெ எல்லி?" என்று கேளுங்கள், கசிவு எங்கே என்பது பொருள். விரலால் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுவாராயின் வேலையை ஒப்படைக்கலாம். சுட்டிக் காட்டாமல் உருளையைத் தூக்குவாராயின், வண்டியை அடுத்த பட்டறைக்குத் திருப்புங்கள்.