இளைத்த பிறகு வந்த இன்னல்கள்

நம் சங்கத்து அன்பர்கள் என்னை மூன்று உருவங்களில் பார்த்திருக்கிறார்கள். 2018-க்கு முன் பார்த்தவர்கள், பொங்கல் விழாப் பந்தியில் எனக்காகக் கை இல்லாத நாற்காலியைத் தேடி எடுத்து வந்து போட்டவர்கள். 2019-இல் பார்த்தவர்கள், என் மனைவியைத் தனியே அழைத்து, "சாருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்தவர்கள். இந்தப் பொங்கலுக்குப் பார்த்த ஒருவர், பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து அமர்ந்து, "என்ன சார், அத்தனை செலவு செய்து ஆபரேஷன் செய்துகொண்டும் மறுபடி சதை போட்டுவிட்டீர்களே!" என்றார். நல்ல மனிதர். மனதில் ஒன்று வைத்துப் பேசுபவர் அல்ல. ஆனால் அது பந்தியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அல்ல.

அன்று விழா முடிந்து பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் குடும்பங்களைச் சேர்ந்த இருவர் தனித்தனியே என்னிடம் வந்தார்கள். தாங்களும் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டதாகவும், சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லவில்லை என்றும், இப்போது சில தொந்தரவுகள் இருப்பதாகவும் சொன்னார்கள். இருவருக்குமே ஒரே சந்தேகம்: மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பட்டான்செரு தொழிற்பேட்டையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். என் உடம்பின் வரவு செலவை மட்டும் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் என் எடை 128 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. என்னும் கணக்கில் இது 45-ஐத் தாண்டியது. சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இரவில் தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வருவதால் மூக்கில் ஒரு குழாய். ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்து வெளியே போட்டுவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம்போல ஒரு குழாயாக ஆக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்புநீர் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் ஊறுகிறது என்பதால் பசியும் அடங்கும். போனது போனதுதான், திரும்ப ஒட்ட முடியாது. ஒன்றரை வருடத்தில் 84 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரையும் மூக்குக் குழாயும் போயின. இந்த லாபத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் இரண்டாவது மாதத்தில் நடந்ததை யாருக்கும் சொன்னதில்லை. எதைக் குடித்தாலும் வாந்தி. மருத்துவமனைக்குப் போன் செய்தால், "மெதுவாகக் குடியுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். எடை மளமளவென்று குறைகிறதே என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு! ஒருநாள் 218-ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தரையில் பட்டதே தெரியவில்லை. பாதம் மரத்து, குடித்தவனைப்போலத் தள்ளாடினேன். வீட்டில், "கண்ணாடியில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்று சொன்னதும் மனைவி பயந்துபோய், நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கண்ணை அங்குமிங்கும் அசைக்கச் சொன்னார். பிறகு, "இதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, இனிமேல் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். இது பெரிபெரி வகை அப்பா" என்றார். உடனே வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே பி1 வைட்டமின் ஊசி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வரிசை முக்கியமாம். பி1 இல்லாத உடம்பில் முதலில் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். உடம்பில் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அதனால்தான் விடாத வாந்தியை ஒரு வாரம்கூடச் சும்மா விடக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஹைதராபாத் தார்னாக்காவில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே பெரிபெரியால்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவுதான் அதன் மூலம். மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியையே தின்றதால் அன்றைய சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய கடலோர ஆந்திராவில், அந்த நோய் அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். 1958-இல் அந்த ஆராய்ச்சிக்கூடம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாறியது. பின்னர் அதன் இயக்குநராக இருந்து பெயர் பெற்ற டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அரிசியால் வந்த நோயை ஊரைவிட்டு விரட்ட நம்மவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்க, நான் பணம் கட்டி அதை வயிற்றுக்குள் வரவழைத்துக்கொண்டேன்!

கால் சரியாக நான்கு மாதம் ஆனது. அதன்பின் மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டேனா என்றால், இரண்டு வருடம் போட்டேன். பிறகு விட்டுவிட்டேன். எல்லோரும் செய்கிற தவறு இது. ஸ்லீவ் ஆனாலும் பைபாஸ் ஆனாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுவதும் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பதே எனக்குச் சென்ற வருடம்தான் தெரிந்தது. அப்போது என் ஹீமோகுளோபின் 9.8. நம் ஊர் இக்ரிசாட்டின் பங்கோடு உருவாகி 2012-இல் வெளிவந்த 'தனசக்தி' கம்பில் இரும்புச்சத்து அதிகம் என்று படித்துவிட்டு, பெருமையாக, "நான் கம்பங்கூழ் குடிக்கிறேன்" என்று உணவு ஆலோசகரான பெண்ணிடம் சொன்னேன். அவர் சிரித்து, "கூழ் குடியுங்கள் அங்கிள், நல்லதுதான். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல" என்றார்.

இனி அந்தப் பாயசக் கிண்ணத்துக்காரரின் கேள்விக்கு வருகிறேன். இழந்த 44 கிலோவில் 13 கிலோ திரும்பி வந்து, இப்போது 97. அதைவிடப் பெரிய தொல்லை நெஞ்செரிச்சல். மூன்றாவது வருடத்தில் தொடங்கியது. இரவு படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சாய்வு நாற்காலியிலேயே தூங்கப் பழகிவிட்டேன். ஸ்லீவ் செய்தவர்களிடம் இது பரவலாகக் காணப்படும் சிக்கல். இரைப்பை குறுகிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடி, அமிலம் மேலே தள்ளப்படுகிறது. அமிலத்தை அடக்கும் மாத்திரை போட்டும் பாதிதான் குறைந்தது.

எடை ஏறியதையும் எரிச்சலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "ரிவிஷன்" செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். ஒரு மருத்துவமனையில் போனிலேயே, "மறுபடி ஸ்லீவ் செய்து இரைப்பையை இன்னும் சிறிதாக்கிவிடலாம், இந்த மாதம் சலுகை விலை" என்றார்கள். தீபாவளித் தள்ளுபடி மாதிரி! எரிச்சல் உள்ளவனுக்குக் குழாயை மேலும் குறுக்கினால் எரிச்சல் கூடத்தான் செய்யும் என்பதைப் பிறகு வேறொரு டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

அந்த டாக்டர் முதலில் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. எண்டோஸ்கோபி செய்து பார்த்தார். உணவுக்குழாயின் அடியில் புண், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் வழியாக மார்புக்குள் ஏறியிருக்கிறது என்றார். பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, குழாயில் எங்காவது முறுக்கோ அடைப்போ இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஏழு நாள் சாப்பிட்டதை ஒன்று விடாமல் எழுதி வரச் சொன்னார். கணக்கு எழுதியவனுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். எழுதியதைப் பார்த்ததும்தான் வெட்கம் வந்தது. ஒரு முட்டையும் இரண்டு துண்டு மீனும் சாப்பிட்டால் வயிறு அடைத்துக்கொள்கிறது. ஆனால் மிக்சர், முறுக்கு, குழைந்த தயிர் சாதம், சர்க்கரை போட்ட மூன்று டம்ளர் காபி எல்லாம் எத்தனை போனாலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. அந்த 13 கிலோவில் பெரும்பகுதி மிக்சர் டப்பாவிலிருந்து வந்தது. டப்பாவுக்கு ஆபரேஷன் கிடையாது.

"எடைக்காக மட்டும் வந்திருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். உணவுப் பழக்கத்தைச் சரிசெய்து பாருங்கள், பிறகு மருந்து இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்" என்றார். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு, ஆபரேஷனுக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் இந்த ஊசி மருந்துகளை டாக்டர்கள் யோசிக்கிறார்கள். என் கதையில் அவை வயிறு காலியாவதை மெதுவாக்கி எரிச்சலைக் கூட்டலாம் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றார். புண்ணும் ஏற்றமும் இருப்பதால், ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதுதான் எனக்குப் பொருத்தம் என்பது அவர் முடிவு. சிறு முட்டையளவு பையை மட்டும் மேலே வைத்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதில் இணைப்பார்கள். அமிலம் ஊறும் பகுதியும் பித்தமும் வேறு வழியில் போய்விடும்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப்போல் இருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. உள்ளே பழைய தழும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும், கசிவு ஏற்படும் ஆபத்து அதிகம், எடையும் முதல் தடவை குறைந்த அளவு குறையாது. பைபாஸுக்கென்றே தனிச் சிக்கல்களும் உண்டு. இனிப்பு சாப்பிட்டால் படபடத்து வேர்த்துக் கொட்டலாம். மூட்டுவலி மாத்திரைகளும் புகையும் இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். வருடங்கள் கழித்துக்கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொண்டு திடீரென்று கடும் வயிற்றுவலி வரலாம். அப்போது 'வாயு' என்று ஓமத்திரவம் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இதற்காக நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1950-களில் அமெரிக்காவில் தொடங்கிய குடல் பைபாஸ் ஆபரேஷன், கல்லீரலைக் கெடுக்கிறது என்று கண்டு கைவிடப்பட்டு, பலருக்குத் திரும்பப் பழையபடி மாற்ற வேண்டி வந்தது. 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். நான் செய்துகொண்ட ஸ்லீவ் என்பதே முதலில் தனி ஆபரேஷன் அல்ல, ஒரு பெரிய ஆபரேஷனின் முதல் பாதி. மிகவும் பருத்தவர்களுக்கு ஒரே தடவையில் முழுவதும் செய்வது ஆபத்து என்று பாதியைச் செய்து நிறுத்தினார்கள். பலருக்கு அதிலேயே இளைத்துவிட்டதால் அதுவே தனியாக நிலைத்துவிட்டது. கால்பந்து வீரர் மாரடோனா 2005-இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு, 2015-இல் வெனிசுவேலாவில் மறுபடி மேசைமேல் படுத்தார். அருண் ஜெட்லி 2014 செப்டம்பரில் நிதியமைச்சராக இருந்தபோது இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, சிக்கல் காரணமாக எய்ம்ஸுக்கு மாற்றப்பட்டு, குணமாகி வந்து பல பட்ஜெட்டுகள் படித்தார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளின் பொது விதியில், உடல் பருமன் ஆபரேஷனுக்குப் பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது கடும் நோய்களோடு 35 இருக்க வேண்டும். எனக்கு இப்போது 34.4! ஆகவே இது பருமனுக்கான சிகிச்சை அல்ல, உணவுக்குழாய்ப் புண்ணுக்கான சிகிச்சை என்று டாக்டர் எண்டோஸ்கோபி முடிவுகளோடு கடிதம் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. சேமிப்பில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தலைவலி, முதல் ஆபரேஷனின் விவரக் குறிப்பு. இரைப்பையை எவ்வளவு அகலம் விட்டுத் தைத்தார்கள், உதரவிதான ஓட்டையை அப்போது பார்த்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சீட்டும் பில்லும்தான். பழைய மருத்துவமனைக்கு ஆறு தடவை நடந்து, இரண்டு மாதம் கழித்து ஒன்றரைப் பக்கம் வாங்கினேன். செய்துகொண்டவர்கள் இன்றே கேட்டு வாங்கி, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.

நான்கு மாதமாக மிக்சர் இல்லை, காபி ஒன்று, அதிலும் சர்க்கரை இல்லை. எடை 93. ஹீமோகுளோபின் 11.6-க்கு வந்துவிட்டது. 11-ஐத் தாண்டாமல் தேதி தரமாட்டேன் என்று சொல்லியிருந்த டாக்டர், இப்போது ஆவணி இரண்டாம் வாரத்தில் நாள் கொடுத்திருக்கிறார். மனைவிக்கு அரை மனதுதான். "சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிற மனுஷரை எத்தனை நாள் பார்க்கிறது" என்று நேற்று அவளே பையை எடுத்து வைத்தாள். அதுவரை நம் நூலகத்தில் நானே இருப்பேன். தனியே பேச விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை வரலாம், பெயர் வெளியே போகாது. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் இணைச் செயலாளர் சாவியை வைத்திருப்பார். எடுத்துப்போன புத்தகங்களை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.