வான்கோழி வேட்டைக்கு அரைத் தானியங்கித் துப்பாக்கி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் வசந்த காலம் வந்துவிட்டால் காட்டு வான்கோழி வேட்டைக்கான பருவமும் தொடங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு அழிந்துபோன பறவை இது. காட்டில் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டு, வேட்டைக்குக் கடுமையான வரம்பு விதித்து, மீண்டும் இலட்சக்கணக்கில் பெருகச் செய்தார்கள். அங்கே குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலரும் உடன் வேலை செய்யும் நண்பர்களுடன் இந்த வேட்டைக்குப் போக ஆசைப்படுகின்றனர். போக நினைத்ததும் எழும் முதல் கேள்வி, "எந்தத் துப்பாக்கி வாங்குவது?" என்பதுதான்.

கடைக்காரர் பெரும்பாலும் அரைத் தானியங்கி ஷாட்கன் ஒன்றைக் கையில் எடுத்துத் தருவார். வாங்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது, எதற்கு உதவும், எதில் கவனம் தேவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே குண்டல்ல, நூற்றுக்கணக்கான ரவைகள்

ரைஃபிள் ஒரு குண்டைச் சுடும். ஷாட்கன் தோட்டாவிலோ நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் அவை விரிந்துகொண்டே போகும். வான்கோழியின் உடலைத் தடித்த இறகுகளும் சதையும் மூடியிருப்பதால் உடலில் படும் ரவை அதை உடனே கொல்லாது. காயத்தோடு ஓடி, புதருக்குள் பல மணி நேரம் துடித்துச் சாகும். எனவே குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். அந்தச் சிறிய இடத்தில் போதிய ரவைகள் ஒரே நேரத்தில் பட வேண்டும். துப்பாக்கி, குழல், தோட்டா ஆகிய எல்லாத் தேர்வுகளும் இந்த ஒன்றுக்காகவே.

அரைத் தானியங்கி என்றால் என்ன?

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும். காலி உறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். இதில் இரு முறைகள் பரவலாக உள்ளன.

முதலாவது, வாயு முறை. வெடிப்பில் உண்டாகும் வாயுவில் ஒரு பகுதியைக் குழலின் துளை வழியாக எடுத்து, அதன் அழுத்தத்தால் இயங்குவது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த முறையைப் பரவலாக்கியது. பெரெட்டா ஏ300, மாஸ்பெர்க் 940 ஆகியவையும் இவ்வகையே. தோளில் படும் உதை மென்மையாக இருக்கும். ஆனால் கரி படியும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

இரண்டாவது, நிலைம முறை. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தையே பயன்படுத்தி, உள்ளிருக்கும் சுருள்வில் மூலம் இயங்குவது. பெனெல்லி துப்பாக்கிகள் இதற்குப் பெயர்பெற்றவை. எடை குறைவு, அழுக்கும் அவ்வளவாகச் சேராது. உதை சற்று அதிகம்.

இந்த இரண்டாம் வகையில் வான்கோழி வேட்டைக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. விடியலில், மரக்கிளையில் உறங்கும் பறவை விழித்துவிடக் கூடாதே என்று தாழை மெதுவாக முன்னே விடுவார்கள். அப்படி விட்டால் தாழ் முழுமையாகப் பூட்டாமல் நின்றுவிடலாம். பிறகு விசையை அழுத்தும்போது வெறும் 'கிளிக்' சத்தம்தான் வரும். எனவே தோட்டா ஏற்றியதும் தாழின் கைப்பிடியை முன்னோக்கி அழுத்தி, பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

எந்த அளவு?

12 கேஜ் குழலின் விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20 கேஜ் சுமார் 15.6 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். முன்பு வான்கோழிக்கு 12 கேஜ்தான் என்பார்கள். இப்போது ஈயத்தைவிட மிகவும் அடர்த்தியான டங்ஸ்டன் ரவைகள் வந்துவிட்டதால் 20 கேஜும் தாராளமாகப் போதும். ஆனால் அந்தத் தோட்டா ஒவ்வொன்றும் பல டாலர் விலை. ஈய ரவை வாங்குவோர் 4, 5, 6 எண்களில் தேர்வு செய்வார்கள்.

தோட்டாவின் நீளத்தில் 3 அங்குலம் போதுமானது. மூன்றரை அங்குலத் தோட்டாவின் உதை கடுமையானது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவரின் கையில் பெரிய தோட்டாவால் பயனில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கும் மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கும் 3 அங்குலத் தோட்டா ஏற்கும் 20 கேஜ் வாயு முறைத் துப்பாக்கியே நல்ல தேர்வு.

குழல் 21 முதல் 26 அங்குலம் வரை இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்தபடி திருப்ப வசதி. கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே தோளில் வைத்துப் பாருங்கள். குழலின் முனையில் திருகிப் பொருத்தும் 'சோக்' ரவைகள் விரியும் அளவைக் கட்டுப்படுத்தும். வான்கோழிக்கு 'ஃபுல்' அல்லது அதைவிட இறுக்கமான சோக் தேவை.

காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

ஒரே நிறுவனத்தின் இரு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி விரிப்பதில்லை. பெரிய காகிதத்தில் 10 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, 20, 30, 40 கெஜத் தூரங்களில் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் ஏறத்தாழ 100 ரவைகள் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. ஈய ரவைக்கு அது பெரும்பாலும் 40 கெஜத்தைத் தாண்டாது. வட்டத்தின் நடுவில் விழாமல் ரவைகள் ஒரு பக்கம் சாய்ந்தால், குறி பார்க்கும் கருவியைச் சரிசெய்ய வேண்டும். விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கி இந்தச் சோதனையைத் தவிர்ப்பவரைவிட, சாதாரணத் துப்பாக்கி வாங்கிச் சோதித்தவரே பறவையை வதைக்காமல் வீழ்த்துவார்.

சட்டம்

உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 எண் படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனையும் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ள நண்பரைத் தம் பெயரில் வாங்கித் தரச் சொல்வது பெருங்குற்றமாகிவிடும். பருவம், தோட்டா அளவு, ஏற்றக்கூடிய எண்ணிக்கை ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

இந்த வேட்டையில் எல்லாரும் இலை நிற உடையில் மறைந்திருந்து, பெண் வான்கோழி போலக் குரல் எழுப்புவார்கள். அந்தக் குரலைத் தேடி வரும் இன்னொரு வேட்டைக்காரர் மனிதரையே பறவை என்று எண்ணிச் சுட்ட விபத்துகள் நடந்துள்ளன. ஆண் பறவையின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை உடையில் எங்கும் அணியாதீர்கள். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். குரல் வந்த திசையில் பதுங்கிச் செல்லாதீர்கள். பறவையை முழுமையாகக் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதீர்கள்.

வீட்டில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்க வேண்டும். சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.

ஹலாலா?

பணம் செலவழிக்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. உணவுக்காக வேட்டையாடுவது ஆகுமானது. உண்ணும் நோக்கமின்றி உயிரைக் குறி பார்த்து விளையாடுவது தடுக்கப்பட்டது. அல்லாஹ்வின் பெயர் கூறிச் சுட வேண்டும் என்பதும் நாம் அறிந்ததே.

சுட்டதிலேயே பறவை இறந்துவிட்டால் என்ன செய்வது? கூர்மையால் துளைத்துக் கொன்றதை உண்ணலாம், மழுங்கிய பகுதி மோதிக் கொன்றதை உண்ணக் கூடாது என்ற வேறுபாட்டை அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி தெளிவாக்குகிறது. ரவை இதில் எந்த வகை? உருண்டை பட்டு இறந்தது ஆகாது, உயிருடன் கிடைத்து அறுத்தால் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அறியப்பட்ட நிலை. வெடிமருந்தின் வேகத்தால் செல்லும் குண்டு உடலைத் துளைத்து ஊடுருவுவதால் ஆகும் என்று இமாம் ஷவ்கானி போன்ற பிற்கால அறிஞர்கள் கூறினர். நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அறுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், பறவை விழுந்ததும் கத்தியோடு விரைந்து ஓடுவார். அரைத் தானியங்கியின் பெரிய ஆபத்து அங்கேதான் உள்ளது. சுட்ட நொடியிலேயே அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி, வெடிக்கத் தயாராக இருக்கும். எழும் முன் பாதுகாப்புப் பூட்டைப் போடுங்கள், குழலின் முனையை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். பறவையை அடைந்ததும் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தரையில் வையுங்கள். அதன் பிறகே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும்.

வேட்டையிலிருந்து நாம் கொண்டுவரும் இறைச்சி ஹலாலாகவும், போனவர் அனைவரும் நலமாகவும் வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக.