ஒரே வகுப்பு, இரண்டு கட்டணம்: அமெரிக்காவில் சொந்த மாநிலமா, வெளி மாநிலமா?

அதே வகுப்பறை, அதே பேராசிரியர், அதே பட்டம். ஆனால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2025-26இல் சேர்ந்த உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 15,000 டாலர். வெளி மாநிலத்தவர் அதையும் கட்டி, அதற்கு மேல் 37,602 டாலரும் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு இந்தக் கூடுதல் தொகை மட்டும் ஒன்றரை லட்சம் டாலர்.

பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கடிதங்கள் பெரும்பாலும் மார்ச் முடிவதற்குள் வந்துவிடும். எந்த இடம் என்று மே 1க்குள் முடிவுசெய்து முன்பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே பரவலான வழக்கம். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஏப்ரல் முழுக்க இதே பேச்சுதான். பக்கத்து ஊர் அரசுப் பல்கலைக்கழகமா, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேர்போன அரசுப் பல்கலைக்கழகமா?

ஏன் இரண்டு கட்டணம்?

அரசுப் பல்கலைக்கழகத்தை நடத்தும் செலவில் ஒரு பங்கு மாநில மக்களின் வரிப்பணம். அந்த வரியைக் கட்டிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சலுகை. கட்டாதவர்களிடம் கூடுதல் கட்டணம். காலேஜ் போர்டு அமைப்பின் கணக்குப்படி, 2024-25இல் நான்காண்டு அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலத்தவருக்கான சராசரிக் கட்டணம் 11,610 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 30,780 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது.

2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் நிதியைக் குறைத்தன. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவர்களைத் தேடிப் போயின. அலபாமா பல்கலைக்கழகம் தாராளமாக ஸ்காலர்ஷிப் கொடுத்தே அவர்களை இழுத்தது. இன்று அங்கே பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்தான். சில மாநிலங்கள் இதற்கு நேர்மாறு. வட கரோலினாவின் சேப்பல் ஹில் வளாகத்தில் முதலாண்டு இடங்களில் 18 சதவீதத்துக்கு மேல் வெளியாட்களுக்குத் தரக் கூடாது என்ற வரம்பு 1986 முதல் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலோ 90 சதவீத இடங்கள் டெக்சாஸ்காரர்களுக்கே. ஆகவே, வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்குக் கட்டணம் மட்டுமல்ல, போட்டியும் அதிகம்.

யார் உள்மாநிலத்தவர்?

பெரும்பாலான மாநிலங்களில் வகுப்பு தொடங்குவதற்கு முன் குறைந்தது ஓராண்டு அங்கே நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பெற்றோரின் வசிப்பிடமே கணக்கு. இதைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகம் கொடுக்கும் படிவம் வருமான வரித்துறைபோலக் கேள்வி கேட்கும்: ஓட்டுநர் உரிமம் எந்தத் தேதியில் எடுத்தது, கார் எங்கே பதிவானது, போன ஆண்டு வரிக் கணக்கு எந்த மாநிலத்தில், அதில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டியது யார்?

‘முதல் வருடம் கூடுதலாகக் கட்டிவிட்டு, அங்கேயே வீடு எடுத்துத் தங்கினால் இரண்டாம் வருடம் உள்மாநிலத்தவர் ஆகிவிடலாம்’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆனால், படிக்க வந்து தங்கிய காலம் பொதுவாகக் குடியிருப்பாகக் கணக்கில் சேராது. கனெக்டிகட் மாநிலம் ஒருகாலத்தில் இன்னும் கடுமையாக இருந்தது. விண்ணப்பிக்கும்போது வெளியூர் முகவரி என்றால் படித்து முடிக்கும்வரை வெளியூர்க்காரர்தான். வ்லாண்டிஸ் எதிர் க்ளைன் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் மாணவர்களுக்குத் தங்கள் குடியிருப்பை நிரூபிக்க வழி கிடைத்தது. ஆனால் நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்தான்.

விசாவில் இருப்பவர்கள்

ஹெச்-1பி விசாவில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் ஹெச்-4 விசாவில் இருப்பார்கள். பல மாநிலங்களில் அவர்களும் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். சிக்கல் 21 வயதில் வருகிறது. கிரீன் கார்டு வரிசை நகராததால், மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கும்போதே ஹெச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். சொந்த நாட்டுக்குத் திரும்புவேன் என்ற உறுதியில் தரப்படும் விசா என்பதால், எஃப்-1இல் இருப்பவர் மாநிலவாசி அல்ல என்று பல பல்கலைக்கழகங்கள் கருதுகின்றன. அதே மாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர் என்ற அடிப்படையில் சில இடங்களில் சலுகை தொடரலாம். 21 வயதில் என்ன ஆகும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

மத்திய அரசின் உதவித்தொகையும் கல்விக் கடனும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் முக்கியமாகக் கிடைக்கும். ஹெச்-4 மாணவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும்.

கணக்கை எப்படிப் போடுவது?

வெளிமாநிலம் என்றாலே கையைக் கடிக்கும் என்றில்லை. இந்தியானாவிலுள்ள பர்டூ பல்கலைக்கழகம் 2012-13க்குப் பிறகு அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தாமலே வைத்திருக்கிறது: உள்ளூருக்கு 9,992 டாலர், வெளியூருக்கு 28,794 டாலர். நியூ ஜெர்சி குடும்பம் ஒன்று தன் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கே ஆண்டுக்குச் சுமார் 18,000 டாலர் கட்ட வேண்டும். வித்தியாசம் 11,000 டாலர் அளவுதான். பொறியியல் போன்ற துறைகளுக்கு உண்டான கூடுதல் கட்டணம், விடுமுறைக்கு வந்துபோகும் விமானச் செலவு இரண்டையும் இதில் சேர்க்க வேண்டும். ரட்கர்ஸுக்கு வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் மிச்சமாகும் விடுதிச் செலவையும் மறக்கக் கூடாது.

மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களும் உண்டு. மேற்கு மாநிலங்களின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில், உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும், எல்லாத் துறையும் இதில் வராது. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லும் தேவைக்கேற்ற நிதியுதவியை வெளிமாநில அமெரிக்க மாணவர்களுக்கும் தருகின்றன. ஸ்காலர்ஷிப் கிடைத்தால், அது நான்கு ஆண்டுக்குமா, எவ்வளவு மதிப்பெண் குறைந்தால் பறிபோகும் என்று பார்க்க வேண்டும்.

இடம் கிடைத்தால் துறையும் கிடைக்குமா?

டெக்சாஸில் 1997இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அம்மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் மட்டும் கூட்டம் அதிகம் என்பதால், அந்த வரம்பு 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இதிலும் உறுதி பல்கலைக்கழகத்துக்குத்தான். கேட்ட துறைக்கு அல்ல.

சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறை உள்மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகிறது. வெளியிலிருந்து நேரடியாக நுழைவது மிக அரிது. ‘வேறு துறையில் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையில் வெளிமாநிலக் கட்டணம் கட்டுவது பெரிய சூதாட்டம்.

சொந்த மாநிலத்தில் இல்லாத துறை, உண்மையிலேயே மேலான ஆய்வுக்கூடம், அல்லது உதவித்தொகை போக நெருங்கி வந்துவிட்ட கட்டணம்: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வெளிமாநிலம் போவதில் நியாயம் உண்டு. எதுவும் இல்லாமல் பெயருக்காக மட்டும் போவதென்றால், அந்தக் கூடுதல் பணத்தை வைத்திருந்து, பிள்ளைக்கு என்ன படிக்க வேண்டும் என்று தெளிவு வந்தபின் முதுநிலைப் படிப்புக்குச் செலவிடலாம். கலிஃபோர்னியாவின் ஒன்றரை லட்சம் டாலரில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு முதுநிலைப் பட்டமே முடித்துவிடலாம்.