வீடு திரும்பாத ஆறு பிள்ளைகள்

சகோதரிகளே, சிறுபராயத்தில் நீங்கள் விரும்பிப் பார்த்த ஒரு கார்ட்டூனை வளர்ந்த பின்னர் மீண்டும் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு அந்த அனுபவம் நன்றாகவே விளங்கும். ஆரம்ப இசை காதில் விழுந்ததும் மனம் பத்து வயதுக்கு ஓடிப் போய்விடும். பத்து நிமிடம் கழிந்ததும் ஒரு சங்கடம் தோன்றும். "இதற்காகவா உம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தோம்?" என்று எண்ணத் தோன்றும். ஒரே பாறையை மூன்று தடவை காட்டுவார்கள். வில்லன் வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரித் தோற்றுப் போவான். ஆனாலும் அணைத்துவிட மனம் வராது.

இந்த அன்பு எங்கிருந்து வருகிறது? அந்தக் குறைகளுக்குள் தாய்மாராகிய நாம் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா? இதற்கு விடை தேட ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் பிறேசிலிலும் இன்று நாற்பது, ஐம்பது வயதை எட்டியிருக்கும் பலரால் மறக்க முடியாத தொடர் அது. பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'.

ஆறு பிள்ளைகளும் ஒரு கிழவரும்

இந்தப் பெயரில் முதலில் வந்தது ஒரு விளையாட்டு. 1974ஆம் ஆண்டில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் அதனை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் தம்மை அக்கதையின் வீரர்களாகக் கற்பனை செய்து, அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிப்பார்கள். அந்த விளையாட்டு பிரபலமாகியதும் அதனை வைத்தே ஒரு கார்ட்டூன் தயாரிக்கப்பட்டது. ஜப்பானின் டோயி நிறுவனம் படங்களை வரைந்தது. 1983 செப்டெம்பர் முதல் 1985 டிசம்பர் வரை சீ.பீ.எஸ். தொலைக்காட்சி சனிக்கிழமை காலைகளில் இதனை ஒளிபரப்பியது. மொத்தம் 27 அத்தியாயங்கள்தான்.

கதை எளிமையானது. ஆறு பிள்ளைகள் ஒரு களியாட்டப் பூங்காவுக்குப் போகிறார்கள். அங்கே இருட்டுக்குள் ஓடும் ஒரு வண்டியில் ஏறுகிறார்கள். வண்டி அவர்களை வேறோர் உலகத்தில் கொண்டு போய்த் தள்ளிவிடுகிறது. அங்கே டிராகன்கள் பறக்கின்றன. அரக்கர்கள் அலைகிறார்கள். டன்ஜன் மாஸ்டர் என்ற குள்ளமான கிழவர் ஒருவர் தோன்றி, ஆளுக்கொரு மாயப்பொருளைக் கொடுக்கிறார். மூத்தவனான ஹேங்குக்கு ஒளி அம்புகள் எய்யும் வில். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை எரிக்குக்குக் கேடயம். டயானாவுக்கு நீண்ட கோல். கண்ணாடி அணிந்த பிரெஸ்டோவுக்கு மந்திரத் தொப்பி. ஷீலாவுக்கு ஆளை மறைக்கும் மேலங்கி. அவளுடைய தம்பி, எட்டு வயதுப் பொபிக்குத் தண்டாயுதம். யூனி என்ற ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டியும் இவர்களோடு சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பொருட்களைப் பறிக்க வெஞ்சர் என்ற கொடியவன் துரத்துகிறான். பிள்ளைகளுக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்றுதான். வீடு திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போகும் வாசல் எங்கோ தென்படும். ஒவ்வொரு வாரமும் யாரையோ காப்பாற்றுவதற்காக அதனைக் கைவிட நேரும், அல்லது கண்ணெதிரே வாசல் மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு இது சலிப்பைத் தரலாம். ஆனால் தாயைப் பிரிந்த பிள்ளையின் ஏக்கம் எந்தப் பிள்ளைக்குத்தான் விளங்காது? இத்தொடர் மனங்களில் தங்கியதற்கு அந்த ஏக்கமே பெரிய காரணம் எனலாம்.

கண்ணுக்குத் தெரிந்த குறைகள்

குறைகளுக்குப் பஞ்சமில்லை. டன்ஜன் மாஸ்டர் எதையும் நேராகச் சொல்லமாட்டார். விடுகதை போல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் மறைந்துவிடுவார். பிரெஸ்டோவின் தொப்பியிலிருந்து கேட்டது வராது. வேறேதோ வரும். அதையே வைத்து வாரந்தோறும் சிரிப்பு.

பெண் பிள்ளைகளின் பங்கையும் கவனியுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு வில், கேடயம், தண்டாயுதம். ஷீலாவுக்குக் கிடைத்ததோ கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் வரம்! இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரம் யோசித்தார்களோ தெரியாது. ஆனால் டயானா அப்படியல்ல. கறுப்பினத்தைச் சேர்ந்த அந்தச் சிறுமி துணிவும் நிதானமும் உள்ளவள். மற்றவர்கள் கலங்கும்போது அவள் கலங்குவதில்லை. 1983ஆம் ஆண்டில் சனிக்கிழமை காலைக் கார்ட்டூனில் அப்படியொரு பெண் பிள்ளையைக் காண்பது அரிது.

இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது நல்லெண்ணத்தோடு உள்ளே நுழைக்கப்பட்டது என்பதுதான் ஆச்சரியம்.

எரிக் ஏன் எப்போதும் பிழையானவன்?

எரிக் முறைப்பாட்டுக்காரன். எதற்கும் முணுமுணுப்பான். "இந்தப் பாதை வேண்டாம்" என்பான். "அந்தக் கிழவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்பான். மற்ற ஐந்து பேரும் ஒரு முடிவெடுத்தால் இவன் மட்டும் மறுத்து நிற்பான். பிறகு சேற்றில் விழுவான், அல்லது பேயிடம் மாட்டிக்கொள்வான். கடைசியில் ஐந்து பேரும் சொன்னதே சரியென்று ஆகிவிடும்.

இது தற்செயலாக நடந்ததல்ல. தொடரைத் தொலைக்காட்சிக்காக உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மார்க் எவனியர் என்ற எழுத்தாளர். இதன் பின்னணியைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்தில் பெற்றோர் அமைப்புகளும் தொலைக்காட்சி ஆலோசகர்களும் சிறுவர் நிகழ்ச்சிகளில் நல்ல பாடம் இருக்க வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். அவர்கள் கேட்ட பாடங்களுள் ஒன்று கூட்டத்தோடு ஒத்துப்போவது. கூட்டம் எப்போதும் சரி, முறைப்பாடு சொல்பவன் எப்போதும் பிழை. அந்தப் பாடத்தைப் படிப்பிப்பதற்காகவே எரிக் என்ற பாத்திரம் கதைக்குள் வந்தது. எவனியருக்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். எரிக் கேட்ட கேள்விகளில் எத்தனை நியாயமானவை! வழி தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு அதனை நேராகச் சொல்லாமல் ஏன் விடுகதை போட வேண்டும்? அறிமுகமில்லாத ஓர் இடத்துக்குள் நுழைய முன் நின்று யோசித்தால் என்ன? நாமே எமது பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்! ஆனால் கதையில் அதைச் சொன்னவன்தான் ஒவ்வொரு வாரமும் கேலிக்கு ஆளானான்.

ஆயுதத்தைப் பார்த்தார்கள், பாடத்தைப் பார்க்கவில்லை

அக்காலப் பெரியவர்கள் கவனமின்றி இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்தத் தொடரில் வன்முறை அதிகம் என்று குறைகூறியவர்கள் இருந்தார்கள். அதனாலேயே ஆயுதங்கள் விடயத்தில் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஹேங்கின் அம்பு உடலைத் துளைக்காது. ஒளிக்கயிறாகி எதிரியைக் கட்டிவிடும். எரிக்கிடம் கேடயம் உண்டு, வாள் கிடையாது. பொபியின் தண்டு பெரும்பாலும் நிலத்தையும் பாறையையும்தான் அடிக்கும்.

இந்தக் கவனம் வீணானதல்ல. ஆனால் வாளை எண்ணிக்கொண்டிருந்த கண்களுக்கு, "எல்லோரும் போகும் பக்கம் நீயும் போ" என்ற பாடம் ஆபத்தாகத் தெரியவில்லை. தெரியாதது மட்டுமா? அதுதான் நல்ல பாடமென்று கேட்டு வாங்கப்பட்டது.

தாய்மார்களே, இந்தப் பாடம் எமது வீடுகளுக்குப் புதியதா? "எதிர்த்துக் கதைக்காதே", "எல்லாரும் சும்மா இருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்று, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், நாம் சொல்வதில்லையா? பிள்ளை பணிவாக வளர வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் நாளை வகுப்பில் ஒரு கூட்டம் சேர்ந்து ஓர் ஏழைப் பிள்ளையைக் கேலி செய்யும்போது, எமது பிள்ளை "இது பிழை" என்று தனித்து நின்று சொல்ல வேண்டாமா? பெரியவர் ஒருவர் தகாத முறையில் நடந்தால், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று ஓடிவந்து உம்மாவிடம் முறையிட வேண்டாமா? முறையிடுபவள் எப்போதும் பிழை என்று பழக்கப்பட்ட பிள்ளை அன்றைக்கு வாய் திறக்குமா?

பணிவு வேறு, வாய்மூடி இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் படிப்பிப்பது எமது பொறுப்பு.

பிள்ளைகள் கண்ட எரிக்

ஆனால் ஒரு வேடிக்கை. அந்தப் பாடம் எதிர்பார்த்தபடி ஒட்டவில்லை. கேலிக்கென்று படைக்கப்பட்ட எரிக்கைப் பிள்ளைகள் நேசித்தார்கள். தாம் கேட்க நினைத்த கேள்வியை அவன் கேட்டான். முணுமுணுத்தாலும் ஆபத்து வரும்போது கேடயத்தோடு முன்னால் வந்து நின்றவனும் அவன்தான்.

எழுத்தாளர்களும் இதனை உணர்ந்திருக்க வேண்டும். ஓர் அத்தியாயத்தில் டன்ஜன் மாஸ்டரின் சக்தி முழுவதும் எரிக்கின் கைக்கு வருகிறது. அவன் என்ன செய்கிறான்? வீட்டுக்குப் போகும் வழியை நண்பர்களுக்குத் திறந்து கொடுக்கிறான். அவர்கள் போவதற்காகத் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் வெஞ்சரோடு மோதுகிறான். வாரந்தோறும் "என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று முறையிட்டவன், மற்றவர்களை அனுப்பத் தான் பின்தங்குகிறான்!

இன்னோர் அத்தியாயத்தில் பொறுமையிழந்த பிள்ளைகள் வெஞ்சரை ஒரேயடியாக ஒழித்துவிடத் துணிகிறார்கள். ஐந்து தலை டிராகனான தியாமத்திடமே உதவி கேட்கிறார்கள். முடிவில் வெஞ்சர் ஹேங்கின் கையில் அகப்படுகிறான். ஹேங்க் அவனைக் கொல்லாமல் விட்டுவிடுகிறான். இப்படிப்பட்ட இடங்களில்தான் அந்தத் தொடர் தன் குறைகளை மீறி நின்றது.

முடியாத கதை

1985இல் தொடர் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் வீடு திரும்பவேயில்லை. பல அத்தியாயங்களை எழுதிய மைக்கேல் ரீவ்ஸ், 'ரெக்வியம்' என்ற பெயரில் முடிவு போன்றதோர் அத்தியாயத்தை எழுதி வைத்திருந்தார். அதில் வெஞ்சர் டன்ஜன் மாஸ்டரின் மகன் என்பது தெரியவருகிறது. வழிதவறிய மகன் திருந்துகிறான். வீட்டுக்கான வாசலும் திறக்கிறது. போவதா, இருந்து மற்றவர்களுக்கு உதவுவதா என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஆனால் அது அன்று படமாக்கப்படவில்லை. 2006இல் வெளியான டிவிடி தொகுப்பில் குரல் நாடகமாக மட்டும் இடம்பெற்றது.

பிறேசிலில் 'டிராகனின் குகை' என்ற பொருள்படும் பெயரில் இத்தொடரைக் குளோபோ தொலைக்காட்சி பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. முடிவு தெரியாத அங்குள்ள ரசிகர்களிடையே ஒரு வதந்தி பரவியது. பிள்ளைகள் அந்த வண்டி விபத்திலேயே இறந்துவிட்டார்கள், அவர்கள் அலைவது நரகத்தில் என்றார்கள். ரீவ்ஸ் அதனை மறுத்து, தன் கதையை எல்லோரும் வாசிக்க வெளியிட்டார். 2019இல் ஒரு கார் கம்பனி பிறேசிலில் தயாரித்த விளம்பரத்தில் நடிகர்களை வைத்து அந்தப் பிள்ளைகளை மீண்டும் கொண்டு வந்தது. 2023இல் வந்த திரைப்படம் ஒன்றிலும் அந்த ஆறு பேர் சில கணங்கள் தலைகாட்டினார்கள். ரீவ்ஸ் காலமானதும் அதே ஆண்டில்தான்.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, சிறுபராயத்தில் நேசித்த ஒன்றின் குறையைக் கண்டால் அந்த நேசம் பொய்யாகிவிடாது. வளர்ந்த கண்ணோடு பார்த்து, "இது நல்லது, இது பிழை" என்று பிரித்தறிவதும் நேசத்தின் ஒரு வகைதான்.

உங்கள் பிள்ளை இன்று எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும், வாரத்தில் ஒரு தடவையாவது பக்கத்தில் போய் அமருங்கள். சண்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிடாதீர்கள். அந்தக் கதையில் கேள்வி கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெண் பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்ததும், "மகள், அவன் சொன்னது சரியா, மற்றவர்கள் சொன்னது சரியா?" என்று கேளுங்கள்.

பதில் உங்கள் எண்ணத்துக்கு மாறாக இருக்கலாம். அப்போது ஏசிவிடாதீர்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். இன்று உங்களோடு துணிந்து மாறுபடப் பழகும் பிள்ளைதான் நாளை, மாறுபட்டே தீரவேண்டிய இடத்தில், வாயடைத்துப் போகாமல் நிற்கும்.