பழைய ஷீட்டை உடைக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

சென்னை,

வடசென்னையில் தெருவுக்குத் தெரு வீடு இடிக்கிறார்கள். 30, 40 வருடத்துக்கு முன்னால் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையைப் பிரித்துவிட்டு, தளம் போட்டு மாடி எழுப்புகிறார்கள். சந்தோஷம். ஆனால் பிரிக்கிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

வியாசர்பாடியில் ஒரு சந்து. சுவர் மேல் ஏறி நின்ற ஆள் சம்மட்டியால் ஓங்கி ஒன்று வைத்தார். "டமார்!" முழு ஷீட் எட்டுத் துண்டாகக் கீழே விழுந்தது. சாம்பல் நிறத்தில் புழுதி எழும்பியது. கீழே இரண்டு சித்தாள்கள் துடைப்பத்தால் அதைக் கூட்டிக் கூட்டி அள்ளினார்கள். முந்தானைதான் முகமூடி. அடுத்த வீட்டு மாடியில் வடாம் காய்ந்து கொண்டிருந்தது!

"ஏங்க, போல்ட்டைக் கழற்றி முழுசா இறக்கக் கூடாதா?" என்று கொத்தனாரிடம் கேட்டோம்.

"எல்லாம் துரு ஏறிப் போச்சு சார். ஒண்ணொண்ணா கழட்டிக்கினு இருந்தா ரெண்டு நாளு ஆவும். அந்த ரெண்டு நாள் கூலி யாரு சார் தருவா? உடைச்சா மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சுடும்" என்றார்.

அவரைச் சொல்லி என்ன பயன்? வீட்டுக்காரர் பேசிய கூலி அவ்வளவுதான்.

ஷீட்டுக்குள் என்ன?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு கனிமம். தமிழில் கல்நார். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. பார்த்தால் கல், பிரித்தால் நார். தீயில் எரியாது, மழையில் மக்காது. இதைச் சிமெண்டில் கலந்து அழுத்தினால் ஷீட் ரெடி. ஓலைக்குடிசை தீப்பிடிக்குமே என்று பயந்த ஏழை ஜனங்கள் பாடுபட்டுக் காசு சேர்த்து ஷீட்டுக்கு மாறினார்கள். அதைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் கிடையாது.

நம் ஊர் கூரை ஷீட்டில் 100 பங்குக்கு சுமார் 10 பங்குதான் நார். மீதி பெரும்பாலும் சிமெண்டு. நார் அதற்குள் மாட்டிக் கொண்டிருக்கிறது. அதனால் விரிசல் இல்லாத ஷீட், சும்மா கிடக்கிற வரைக்கும் பெரிதாக எதையும் உதிர்க்காது. ஷீட்டுக்குக் கீழே படுத்தாலே கேன்சர் என்று பீதி கிளப்புகிறவர்கள் பேச்சைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கூரையைப் பிரிக்க வேண்டாம். அந்த அவசரம்தான் ஆபத்து.

உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால் நார் கிளம்பும். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் குத்திக் கொண்டால் சுலபத்தில் வெளியே வராது. நுரையீரல் இறுகிப் போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைப் பிடிக்கும் மீசோதெலியோமா என்ற கொடிய புற்றுநோய் எல்லாம் இதனால் வருகின்றன. வெள்ளை, பழுப்பு, நீலம் எந்தக் கல்நாராக இருந்தாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்லி இருக்கிறது.

ஒரு தடவை தூசி பட்ட எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவும் கிடையாது. அடிக்கடி, அதிகமாக இழுப்பவருக்கு ஆபத்து கூடுதல். சிகரெட், பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். அப்படிப் பார்த்தால் முதல் பலி யார்? தினமும் ஒரு கூரை பிரிக்கிற அந்தக் கொத்தனாரும் சித்தாள்களும்தான்.

ஸ்டேஷனுக்கு வராத சாவு

கூரை ஷீட் உடைந்து கீழே விழுந்து தொழிலாளி பலி என்ற செய்தியை நீங்கள் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். போலீஸ் வருகிறது, பிரேத பரிசோதனை நடக்கிறது, பேப்பரில் நாலு வரி வருகிறது.

தூசியால் வரும் சாவுக்கு எப்.ஐ.ஆர். கிடையாது. நோய் தலைகாட்ட பெரும்பாலும் 20 முதல் 40 வருடம் ஆகிறது. அதற்குள் இடித்த வீடு எது, மேஸ்திரி யார் என்று ஆளுக்கே மறந்திருக்கும். டாக்டரும் "பீடி குடிப்பியா?" என்றுதான் கேட்பார்.

1995 ஜனவரி 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வு பெற்ற பிறகு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் வந்தவர்களுக்கு 1 லட்ச ரூபாய் நஷ்டஈடும் உண்டு. நல்ல தீர்ப்புதான். ஆனால் பதிவேடு இருப்பது தொழிற்சாலையில். சந்தில் சம்மட்டி பிடிக்கிறவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

இங்கிலாந்து 1999-ல் தடை போட்டது. ஆஸ்திரேலியா 2003 கடைசியில் போட்டது. பிரேசில் சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தன் நாட்டில் தடை செய்தது. அதற்குப் பிறகும் அந்த நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கல்நார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது! தனக்கு ஆகாதது நமக்கு ஆகுமாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நார் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது லேபில் மைக்ராஸ்கோப்தான். இப்போது கல்நார் கலக்காத சிமெண்டு ஷீட்டும் கடையில் இருக்கிறது. ஷீட்டில் முத்திரை இருந்தால் பாருங்கள். ஐ.எஸ். 459 என்று இருந்தால் அது கல்நார் ஷீட். ஐ.எஸ். 14871 என்றால் கல்நார் இல்லாதது. முத்திரை அழிந்துபோன பழைய ஷீட் என்றால் கல்நார் என்றே வைத்துக் கொள்ளுங்கள். நஷ்டமில்லை.

கூரை மட்டும் அல்ல. பழைய வீட்டின் மழைநீர்க் குழாய், புகைபோக்கிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, ரூமைத் தடுக்கப் போட்ட தட்டை ஷீட், சில பழைய பியூஸ் கட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பட்டை எல்லாமே சந்தேகக் கேஸ்கள்தான்.

இறக்குவது எப்படி?

நல்ல ஷீட்டை விட்டு விடுங்கள். வெயிலுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறவர்கள், பாசியை இரும்பு பிரஷ் போட்டுச் சுரண்டாமல் அடியுங்கள். டிஷ் வயருக்கோ பைப்புக்கோ கட்டிங் மிஷின் வைத்து ஓட்டை போடவே கூடாது. பத்து நிமிஷ அறுப்பில் கிளம்பும் தூசி, பல வருஷம் சும்மா கிடந்த கூரையிலிருந்து வராது.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் மெயினை அணையுங்கள். பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டில் சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், வடாம், மிளகாய் எதுவும் காயக் கூடாது. சாமான்களை வெளியே எடுத்து, தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். தண்ணீரில் நாலு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, கைப்பம்பால் ஷீட்டை நன்றாக நனையுங்கள். ஏணியிலோ சாரத்திலோ நின்று நனைக்க வேண்டும். நனைந்த ஷீட் மேல் ஏறினால் வழுக்கும், பழைய ஷீட் ஆள் பாரமும் தாங்காது.

துருப்பிடித்த கொக்கி போல்ட்டைத் திருக முடியாவிட்டால் ஆக்சா பிளேடால் போல்ட்டை அறுக்கலாம். ஷீட்டை அறுக்காதீர்கள். முழு ஷீட்டாகக் கைமாற்றிக் கைமாற்றி இறக்க வேண்டும். மேலிருந்து போடக் கூடாது. விழுந்த துகளைத் துடைப்பம் போடாமல், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துப் பையில் கட்டுங்கள்.

கைக்குட்டை, முந்தானை, ஆஸ்பத்திரி மாஸ்க் எதுவும் இந்த நாரைத் தடுக்காது. எப்.எப்.பி.3 வகை மாஸ்க் வேண்டும், முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு ஊறப் போடாதீர்கள். புருஷனின் வேலைத் துணியை உதறித் துவைத்தே மீசோதெலியோமா வந்த பெண்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர்.

"இவ்ளோ செய்றதுக்கு எங்க ஓனரு ஒத்துக்குவாரா?" என்று சிரித்தார் ஒரு சித்தாள். இரண்டு நாள் கூலியும் மாஸ்க் காசும் வீட்டுக்காரர் தலையில்தான் விழ வேண்டும். மாடிக்கு லட்சக் கணக்கில் செலவழிக்கிறவர் இதைக் கொடுக்கலாம்.

உடைந்ததை எங்கே போடுவது?

இதுதான் பெரிய தலைவலி. 2016-ம் வருட அபாயக் கழிவு விதிகளில் கல்நார் கழிவு இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அது கல்நார்ப் பொருள் தயாரிக்கும் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியது. வீட்டுக்காரர் இருபது ஷீட்டை எங்கே கொண்டு போவது என்று யாரும் தெருவுக்கு வந்து சொல்லவில்லை.

அதனால் என்ன நடக்கிறது? உடைந்த துண்டு சாக்கடை மூடியாகிறது, கோழிக் கூண்டுக்குக் கூரையாகிறது. மீதியைச் சந்துப் பள்ளத்தில் கொட்டி மிதித்து விடுகிறார்கள். அதன் மேல் ஆட்டோ ஏறி ஏறி மாவாக அரைக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது பறந்து வந்து நொறுங்கிய ஷீட்டுகள் எத்தனை! மரத்தை அறுத்து எடுத்தார்கள். ஷீட் துண்டைக் குப்பையோடு குப்பையாக வாரினார்கள்.

நல்ல ஷீட்டைக் காயலான் கடைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ விற்கிறவர்களும் உண்டு. தலைவலி இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இறக்கிய ஷீட்டை ஈரத்தோடு தடிமனான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "கல்நார், உடைக்காதே" என்று பெரிதாக எழுதுங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். 1913-க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். "சாதா கட்டட இடிபாடுதானே, தெருமுனையில் போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால், கல்நார் என்று மறுபடியும் சொல்லுங்கள். எடுத்துப் போக வண்டி வரும்வரை கட்டைப் பிரிக்காதீர்கள்.